குண்டு மாமா எங்கே?

செவ்வந்தியின் படப்புத்தகத்தில் முதலில் காணாமல் போனது கண்.

ஐப்பசி பிறந்து ஒரு திங்கட்கிழமை. பால்வாடிக் கொட்டகையின் படலைத் திறந்து, தகரப் பெட்டிக்குள்ளிருந்த புத்தகத்தை எடுத்துப் பிரித்தவளுக்குப் பகீரென்றது. பாட்டு இருக்கிறது, படம் இல்லை. படம் இருந்த இடத்தில் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக அடுத்த பக்கத்து மூக்கு எட்டிப் பார்த்தது. எலி என்றால் எந்த எலி இப்படி பிளேடு வைத்தாற்போல வளைத்துக் கடிக்கும்? பிள்ளைகள் என்றால், அங்கே வருகிற இருபத்திரண்டு உருப்படிகளில் மூத்ததற்கே நாலரை வயது. அதுகளுக்குச் சோற்றைச் சிந்தாமல் தின்னத் தெரியாது. கண்ணை மட்டும் அளவெடுத்து வெட்டி எடுத்துப் போக எங்கே தெரியும்?

"அத்தே, இத யாரு வெட்டுனது?" என்று கொட்டகை பெருக்கிக்கொண்டிருந்த ராமாயியைக் கேட்டாள். ராமாயிதான் அங்கே ஆயா; அதே தெருக்காரி. செவ்வந்திக்கு முறைக்கு அத்தை வேண்டும்.

"எனக்கென்ன தெரியும்? எனக்குக் கண்ணே தெரியல, இதுல படத்துக் கண்ணு போனது எங்க தெரியுது?" என்றாள் ராமாயி, விளக்குமாற்றை நிறுத்தாமல்.

பதில் நியாயமாகத்தான் இருந்தது. செவ்வந்தி அதை நம்பினாள். யார் எதைச் சொன்னாலும் அந்த நிமிஷத்துக்கு நம்பிவிடுவது அவள் சுபாவம். சந்தேகம் என்பது அவளுக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் வரும்.

அந்தப் புத்தகம் கடையில் வாங்கியது அல்ல. அவளே செய்தது. மாயவரத்தை அடுத்த குத்தாலத்துக்குத் தெற்கே வாய்க்கால் கரையோரம் இருந்த அந்த ஊரில், கூலிக்காரத் தெருவில் எட்டாவது வரை படித்த ஒரே பெண் அவள்தான். பால்வாடிக்கு டீச்சர் வேண்டும் என்று அரசாங்கம் தேடியபோது வேறு ஆள் இல்லாததால் அவளைப் பிடித்து மூன்று மாதம் தஞ்சாவூருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சி முடிவில் ஆளுக்கொரு படப்புத்தகம் செய்ய வேண்டும். மற்றப் பெண்கள் பூ, பழம், ரயில் என்று வரைந்தார்கள். செவ்வந்திக்கு ரயில் வரைய வராது. அவளுக்குத் தெரிந்தது உடம்பு. பன்னிரண்டு வயதிலிருந்து நடவு வயலில் குனிந்தவள். இடுப்பு, முட்டி, பாதம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக வலித்து அவளுக்கு அறிமுகமானவை. நடவுப் பெண்கள் வரிசையாக நின்று ஒருத்தி உடம்பை ஒருத்தி கிண்டல் செய்து பாட்டுக் கட்டுவதைக் கேட்டு வளர்ந்தவள் வேறு. அதிலிருந்து பிள்ளைகள் காதில் போடக்கூடாததையெல்லாம் களைந்து பார்த்தாள். பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சத்தை வைத்துக்கொண்டு, கண், மூக்கு, காது, வாய், தொப்பை, கை, கால் என்று ஏழு பக்கம் கட்டினாள். எட்டாவது, உட்காருகிற இடம். அது வேண்டாமென்று பயிற்சி டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டே சொல்லிவிட்டார்.

தொப்பைப் பாட்டு இப்படி:

தொப்பை தொப்பை பானைத் தொப்பை,
தொட்டா உள்ளே கடமுடாங்குது;
எப்போ பார்த்தாலும் பசிக்குதுங்குது,
கஞ்சி ஊத்தினா கம்முனு தூங்குது!

இதைச் சொல்லி, அந்தக் குண்டான மஞ்சள் தொப்பைப் படத்தைக் காட்டினால், அழுகிற பிள்ளையும் தன் வயிற்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டு சிரிக்கும்.

கைப் பக்கம் மட்டும் அவளுக்குச் சரியாக வரவில்லை. எப்படி வரைந்தாலும் விரல்கள் வாழைச்சீப்பாக வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கத் தஞ்சாவூர் வந்த புருஷன் பக்கிரியின் வலது கையை அட்டைமேல் விரித்து வைக்கச் சொல்லி, சுற்றிப் பென்சிலை ஓட்டினாள். அறுப்பில் பேர் வாங்கிய கை. அட்டையையே நிறைத்துக்கொண்டது. அதற்குக் கீழே எழுதினாள்:

அஞ்சு பேரு ஒரே வீடு,
ஆளுக்காளு உசரம் வேறு,
கொஞ்சம் கையை விரிச்சுக் காட்டு,
குண்டு மாமா யாரு, கூறு!

குண்டு மாமா என்பது கட்டைவிரல். பிள்ளைகள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக் குதிக்கும்.

இதெல்லாம் போன தை மாதத்துக்கு முன்னால். உச்சவரம்புச் சட்டம் வந்தாகிவிட்டது, இனி நிலமெல்லாம் கை மாறும் என்று மேடை போட்டுப் பேசிய காலம். மிராசுதார் இராஜாங்கத்தின் நிலமும் கை மாறத்தான் செய்தது. அவர் பெயரிலிருந்து மைத்துனர் பெயருக்கு, மைத்துனர் பெயரிலிருந்து பண்ணையில் பால் கறப்பவன் பெயருக்கு. பால் கறப்பவனுக்கே அது தெரியாது. தை அறுப்பில் தெருவார் கூலி உயர்த்திக் கேட்டார்கள். இராஜாங்கம் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். வரப்பில் மறித்து நின்றவர்கள்மேல் கம்பு விழுந்தது. பக்கிரியின் வலது மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் போட்டு, அவிழ்த்துப் பார்த்தபோது நாலு விரலும் உள்ளங்கைப் பக்கமாக மடங்கி அப்படியே நின்றுவிட்டன. கட்டைவிரல் மட்டும் தப்பித்தது. அது தன் பாட்டுக்கு ஆடும். கட்டைவிரலை மட்டும் வைத்துக்கொண்டு எவன் கருக்கரிவாள் பிடிப்பான்?

அதோடு தெருவுக்கே வேலை இல்லை. குறுவை அறுப்புக்கும் லாரிதான் வந்தது. பக்கிரி தோளில் கறுப்புத் துண்டைப் போட்டுக்கொண்டு கூலிக்காரர் சங்கக் கூட்டத்துக்குப் போய் வருவான். மற்ற நேரமெல்லாம் வலது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். செவ்வந்தியின் பால்வாடி வேலைதான் வீட்டில் உலை ஏற்றியது. அதுவும் தற்காலிக வேலை. எந்த மாதமும் நின்று போகலாம்.

அந்த நேரத்தில்தான் தஞ்சாவூரிலிருந்து கமலவல்லி அம்மாளின் கடிதம் வந்தது. பால்வாடிகளை மேற்பார்க்கும் அதிகாரி அவர். குழந்தைகள் தினத்துக்குப் பொருட்காட்சி வைக்கிறார்கள். உன் உடம்புப் புத்தகத்தை அதில் வைக்க எடுத்துக்கொண்டு போக, வருகிற வியாழன் விட்டு அடுத்த வியாழக்கிழமை வருகிறேன். அது அங்கே இருந்தால் உன் வேலையை நிரந்தரமாக்க மேலே எழுத எனக்கு வசதி என்று எழுதியிருந்தார். செவ்வந்தி அதை நாலு தரம் படித்தாள். படித்து முடித்த மூன்றாம் நாள் கண் காணாமல் போயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை கால் போயிற்று. செவ்வாய்க்கிழமை தொப்பை.

செவ்வந்திக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இராஜாங்கத்தின் ஆட்கள் வேலையோ? அவர் வண்டி போகும்போது பிள்ளைகள் தொப்பைப் பாட்டைப் பாடியது உண்மை. அவருக்குத் தொப்பை இருப்பதும் உண்மை. சரி, அப்படியானால் தொப்பையை வெட்டியதில் அர்த்தம் உண்டு. கண்ணை ஏன் வெட்ட வேண்டும்? ஒருவேளை சங்கத்துப் பையன்களோ? அரசாங்கத்துப் பால்பவுடரைக் காட்டித் தெருவை மயக்குகிறார்கள் என்று ஒருவன் போன மாதம் சத்தம் போட்டான். ஆனால் அவன் பிள்ளையே இரண்டு டம்ளர் வாங்கிக் குடிக்கிறதே! யாரை நினைத்தாலும் ஒரு படம் பொருந்தியது, இரண்டு படம் பொருந்தவில்லை. மூக்கும் காதும் வாயும் எதற்காகத் தப்பித்தன என்பது இன்னும் பெரிய குழப்பம். மூக்கை அவள் ரொம்ப அழகாக வரைந்திருந்தாள். யாருக்கும் வேண்டாம் போலிருக்கிறது என்று அந்தக் கவலையிலும் கொஞ்சம் மனத்தாங்கல்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் புத்தகத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். தன் டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தாள். பக்கிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னா, பொஸ்தகத்துக்குக் காவலா?"

"நாளான்னைக்கி அந்தம்மா வருவாங்க. இருக்குற நாலு பக்கத்தையாவது காப்பாத்தணும்ல?"



புதன்கிழமை விடிந்து, வாய்க்காலில் குளித்துவிட்டு வந்து பெட்டியைத் திறந்தாள். புடவை மடிப்புக் கலையாமல் இருந்தது. அதற்கு அடியில் புத்தகம் இருந்தது. அதில் கை இல்லை. பெரிய அட்டையில், விரித்த கையின் வடிவத்தில் பெரிய ஓட்டை. பக்கிரியும் வீட்டில் இல்லை. கொடியில் கிடந்த அவனுடைய வெள்ளைச் சட்டையும் இல்லை.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவளுக்கு இது ஒன்றுதான் தோன்றாமல் போயிற்று. கண்ணும் இவன்தானா? தொப்பையும் இவன்தானா? பெண்டாட்டி சம்பளத்தில் சாப்பிடுவது ஆண்பிள்ளைக்குக் கசக்கத்தான் கசக்கும்; அதற்காக அந்த வேலையையே ஒழிக்கப் பார்ப்பானா? அழுகை வந்தது. அழுதுகொண்டே கொட்டகைக்குப் போய், பால் காய்ச்சிக்கொண்டிருந்த ராமாயியிடம் புத்தகத்தை நீட்டினாள். "அத்தே, எங்க வீட்டு ஆளுதான் வெட்டியிருக்கு."

ராமாயி ஓட்டையைத் தடவிப் பார்த்தாள். முகம் வெளிறியது. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அய்யய்யோ, கைய நான் எடுக்கலடி பொண்ணே! சத்தியமா கண்ணு மட்டுந்தான் நானு."

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ராமாயிக்கு இடது கண்ணில் பூ விழுந்து ஒரு வருஷமாகிறது. மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிப் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் இது எல்லோரும் செய்வதுதான். எந்த உறுப்புக்கு நோவு வந்ததோ அந்த உறுப்பை வெள்ளித் தகட்டில் அடித்தது கோயில் வாசல் கடைகளில் கிடைக்கும். வாங்கி உண்டியலில் போட்டால் நோவு தீரும். ஆனால் தெருவில் வேலை நின்றபிறகு வெள்ளிக்கு எங்கே போவது? தினமும் பெருக்குகிற கொட்டகையில், தினமும் பார்க்கிற பெட்டியில், கறுப்பு மையும் வெள்ளைக் கலரும் போட்டுப் பளபளவென்று ஒரு கண் இருந்தது.

"அதும் அரசாங்கத்து அட்டெ. சாமி ஏத்துக்காமயா போயிரும்னு போட்டுட்டேன். மறுநா பாத்தா கொஞ்சம் வெளிச்சமாத்தான்டி இருந்துச்சு. வாய வச்சிக்கிட்டு இருக்காம நாகம்மாகிட்ட சொன்னேன். அவ மருமவளுக்குக் கல்யாணமாயி ஆறு வருஷம்..."

"அதுக்குத் தொப்பையா?"

"வயிறு தானே? அது நல்லாப் பெருசா வேற இருந்துச்சு."

"காலு?"

ராமாயி தயங்கினாள். "அது கண்ணுசாமி மாட்டுக்கு. காலு நொண்டுதுன்னு."

நாலு வயதுப் பிள்ளைக்காக, சேற்றில் பொதக் பொதக்கென்று நடக்கிற மாதிரி வரைந்த கால். அதை மாரியம்மன் மாட்டுக் கணக்கில் எப்படி வரவு வைத்தாளோ! செவ்வந்திக்குக் கோபப்பட வேண்டுமா சிரிக்க வேண்டுமா என்று தெரியவில்லை. அதற்குள் வேறொன்று உறைத்தது. அப்படியானால் கை? "கோயிலாவது கல்லாவது" என்று கறுப்புத் துண்டோடு திரிகிறவன், விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் கையை வெட்டிக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போனானா? அவள் பிள்ளைகளை ராமாயியிடம் விட்டுவிட்டு ஓடினாள்.

கோயிலில் பூசாரி அவளைக் கண்டதும் உயிர் வந்தவர் போல எழுந்தார். "வாம்மா டீச்சரு. நீயே வந்தது நல்லதாப் போச்சு. உண்டியல்ல இதெல்லாம் கெடக்குது. வெள்ளின்னா எடுத்து வைக்கலாம். அட்டைய என்னா பண்றது? வச்சிருந்தா கரையான் வருது. எரிக்கலாம்னா கண்ணு என்னையே பாக்குது." ஒரு தட்டை நீட்டினார். அதில் கண், கால், தொப்பை மூன்றும் குங்குமத்தோடு கிடந்தன. "எடுத்துக்கிட்டுப் போயிடேன்."

கை இல்லை.

"எங்க வீட்டு ஆளு இங்க வரலிங்களா?"

"பக்கிரியா? இங்கயா?" பூசாரி அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஒனக்கு ஒடம்பு ஏதும் சரியில்லியாம்மா?"

தட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டு போனால் பசை போட்டு ஒட்டிவிடலாம். வேலை தப்பித்துவிடும். கையை நீட்டினாள். ராமாயி அந்தக் கண்ணால் கொஞ்சம் வெளிச்சம் பார்த்ததாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. நாகம்மாளின் மருமகள் தினமும் பால்வாடி வேலிக்கு வெளியே நின்று பிள்ளைகளைப் பார்ப்பதும் நினைவுக்கு வந்தது. கொடுத்ததைத் திருப்பி எடுத்தார்கள் என்று தெரிந்தால் அவர்கள் மனசு என்ன பாடுபடும்? நீட்டிய கையால் தட்டிலிருந்த குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அன்றைக்கு மத்தியானம் பிடித்த மழை விளக்கு வைக்கும் நேரம்வரை விடவில்லை. பக்கிரி தொப்பலாக நனைந்து வந்தான். வாசலிலேயே நின்றான்.

"எங்க போனீங்க?"

"மாயவரம். எலும்பு டாக்டருகிட்ட."

"கைய வெட்டி எடுத்துக்கிட்டா?"

"முன்னாடி எப்புடி இருந்துச்சுன்னு காட்டணும்ல? வாயால சொன்னா அவருக்கு எப்புடித் தெரியும்? அளவு வேணாமா?" தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். "அட்டையப் பாத்தாரு. என் கையப் பாத்தாரு. 'இது யாரு கை?'ன்னாரு. 'இதுவும் என் கைதாங்க, திரும்ப இப்புடி ஆவணும்'னேன். ஆவாதுன்னுட்டாரு. நாளு கடந்து போச்சாம். கட்டவெரலு ஒண்ணுதான் மிச்சமாம்."

சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தான். நாலாக மடித்த அட்டை மழையில் ஊறி, கலர் கரைந்து, கூழாக அவன் இடது கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. "பத்திரமா கொண்டாந்து ஒட்டிடணும்னுதான் நெனச்சேன், செவந்தி. மழை வந்துருச்சு."

அவளுக்கு அப்போது வேலையும் ஞாபகம் இல்லை, பொருட்காட்சியும் ஞாபகம் இல்லை. எட்டு மாதத்தில் அவன் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதே இல்லை. அந்தக் கூழைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தலையைத் துவட்டிவிட்டாள்.

வியாழக்கிழமை ஜீப் வந்தது. கமலவல்லி அம்மாள் பெஞ்சியில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தார். கண் இல்லை. கால் இல்லை. தொப்பை இல்லை. கை இல்லை. "என்னம்மா இது? அம்மை போட்ட மாதிரி இருக்கு?" செவ்வந்தி பொய் சொல்லத் தெரியாமல் எல்லாவற்றையும் சொன்னாள். மாட்டுக் கால் வந்த இடத்தில் அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். டாக்டர் விஷயத்தை மட்டும் செவ்வந்தி சொல்லவில்லை. "கை மழையில நனைஞ்சி போச்சும்மா" என்று முடித்துவிட்டாள். அதற்குள் ஒரு பிள்ளை கண் ஓட்டையில் தன் கண்ணை வைத்துப் பார்த்தது. இன்னொன்று தொப்பை ஓட்டைக்கு நேராகச் சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"இது நல்லாத்தான் இருக்கு! ஓட்டை அப்படியே இருக்கட்டும்," என்றார் அம்மாள். "ஆனா இந்தக் கைப் பக்கம் ஓட்டை பெருசு, தொட்டாக் கிழிஞ்சிடும். ஜீப்புல அட்டை இருக்கு, தர்றேன். யார் கையையாவது வச்சு இப்பவே வரைஞ்சிடு. பதினோரு மணிக்குள்ள நான் கிளம்பணும்."

சுற்றிப் பார்த்தார். பக்கிரி அப்போதுதான் கொட்டகைக்குக் கொண்டுவந்த தண்ணீர்க் குடத்தைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தான். "நீங்க வாங்க. பெரிய கையா இருந்தா நல்லது."

பக்கிரி துண்டில் துடைத்துக்கொண்டு இடது கையை அட்டைமேல் வைத்தான்.

"பீச்சாங்கை வேண்டாம்ப்பா. பிள்ளைங்க புத்தகம். சோத்துக் கையை வைங்க."

செவ்வந்தி சட்டென்று தன் கையை நீட்டினாள். "வேணாம்மா. என் கையவே வச்சுக்குறேன்."

"ஒன் சோத்துக் கைய வச்சிட்டு பென்சில எதுல புடிப்ப?" என்றான் பக்கிரி. துண்டுக்குள்ளிருந்து வலது கையை எடுத்தான். எட்டு மாதமாகப் பகல் வெளிச்சத்தில் யாரும் முழுசாகப் பார்க்காத கை. அட்டைமேல் வைத்தான். நாலு விரலும் மடங்கி, கூச்சத்தில் கட்டைவிரலையும் உள்ளே இழுத்து மறைத்துக்கொண்டிருந்தது. கமலவல்லி அம்மாள் அட்டை நழுவாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"வரை," என்றான்.

அவள் வரைந்தாள். கோடு இரண்டு இடத்தில் கோணலானது. அந்தப் புத்தகம் அந்தக் கோணலோடுதான் தஞ்சாவூருக்குப் போயிற்று. பரிசு ஒன்றும் வரவில்லை. ரயில் வரைந்தவளுக்குக் கிடைத்தது. நிரந்தர உத்தரவு பங்குனியில் வந்தது. அந்தக் கொட்டகை ஓட்டுக் கட்டடமாகி, தெருவில் பாதிப் பேருக்கு அவள் எழுத்தறிவித்து, தலை நரைத்துத்தான் செவ்வந்தி ஓய்வு பெற்றாள். அதெல்லாம் பிறகு நடந்தது.

அன்றைக்கு, கோட்டைப் பாதிதான் முடித்திருந்தாள். பிள்ளைகள் கைப் படத்தைக் கண்டதும் வழக்கம்போலப் பாட ஆரம்பித்துவிட்டன. அஞ்சு பேரு ஒரே வீடு. ஆளுக்காளு உசரம் வேறு. விரிச்சுக் காட்டு என்ற இடத்தில், மூன்று வயது அஞ்சலை மட்டும் படத்தைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், படத்தில் இருப்பதுபோல விரல்களை மடக்கிக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்றவையும் மடக்கின. இருபத்திரண்டு குட்டிக் கைகள், இருபத்திரண்டு மடங்கிய கைகள். பக்கிரியின் முகம் கறுத்தது. கையை இழுத்துக்கொள்ளப் போனான்.

"குண்டு மாமாவக் காணும்!" என்று கத்தினாள் அஞ்சலை. உடனே எல்லாம் சேர்ந்துகொண்டன. "குண்டு மாமா எங்கே, கூறு! குண்டு மாமா எங்கே, கூறு!"

அவன் அசையாமல் இருந்தான். பிறகு, மடங்கிய நாலு விரலுக்கு அடியிலிருந்து கட்டைவிரல் மெல்ல வெளியே வந்து, அட்டைமேல் நிமிர்ந்து நின்றது. கொட்டகைக் கூரை பறக்கிற மாதிரி பிள்ளைகள் கூச்சல் போட்டன. பக்கிரி சிரித்துவிட்டான்.

செவ்வந்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த விரலைச் சுற்றி வரைந்தாள்.